கணினி மாறினும் கணக்கு மாறாதிருக்க: பழைய வணிக மென்பொருளை இடம்பெயர்த்தல்

ஏடு பெயர்த்தெழுதுதல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. ஓலை செல்லரிக்கும் முன்னர் அதனைப் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். அப்பணிக்கு எழுத்தாணி பிடிக்கும் கை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் மயங்கும். மொழியறிந்தவர் படித்தால் பொருள் விளங்கும். அறியாதவர் படியெடுத்தால் பிழை பெருகும். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அவருக்குத் துணைநின்றது சுவடிகளின் எண்ணிக்கை மட்டுமன்று; அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்ற அறிவுமாகும்.

பழைய கணினியில் உள்ள கணக்குகளைப் புதிய கணினிக்கு மாற்றும் பணியும் இத்தகையதே. ஈப்போவின் அச்சகங்களிலும் துணிக்கடைகளிலும், சுற்றுவட்டாரக் கோயில், சங்க அலுவலகங்களிலும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட மென்பொருளை இன்றும் காணக்கூடும். அதனை இடம்பெயர்ப்பது பொறியாளர் பணி மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அதில் மொழியறிந்தோர்க்கும் பங்குண்டு என்பதே இவ்வுரையின் கருத்து.

1. இடம்பெயர்ப்பின் தேவை

எம்எஸ்-டாஸ் காலத்து மென்பொருள்கள் 16 பிட் அமைப்பில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் இயங்குதளம் அவற்றை நேரடியாக இயக்குவதில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்தது. விண்டோஸ் 11 அவ்வாறு வெளியிடப்படவில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. எனவே பழுதுபட்ட பழைய கணினிக்கு ஈடாகக் கடையில் வாங்கும் புதிய கணினி, அதன் மென்பொருளை ஏற்காது.

வன்பொருளும் காத்திருப்பதில்லை. வன்தட்டு சுழலும் பொறி, ஒருநாள் நின்றுவிடும். நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு நாளடைவில் தேயும். சில மென்பொருள்கள், அச்சுப்பொறியின் இணைவாயிலில் செருகும் சிறு பூட்டுக்கருவி இருந்தால்தான் இயங்கும். இன்றைய கணினிகளில் பொதுவாக அவ்வாயிலே இல்லை.

2. மூன்று வழிகள்

இச்சிக்கல் கணினித் துறைக்குப் பழையது. 1964ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தபோது, முந்தைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களைக் கைவிட வாடிக்கையாளர் தயங்கினர். ஆகவே புதிய பொறி பழைய பொறியைப் போல நடிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இதுவே முதல் வழி. இன்று டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் அவ்வேலையைச் செய்கின்றன. எனினும் டாஸ்பாக்ஸ் பழைய விளையாட்டுகளை இயக்குவதற்கென உருவாக்கப்பட்டது. பழைய பதிவுகளைத் திறந்து பார்ப்பதற்கு அது பயன்படும்; அன்றாட வரவு செலவை அதில் நம்பி எழுதுவது தகாது.

இரண்டாம் வழி, நிரலை விட்டுவிட்டுத் தரவை மட்டும் எடுத்துச் செல்வது. மூன்றாம் வழி, மென்பொருளையே புதிதாக எழுதுவது. சிறு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வழியே ஏற்றது. ஆயினும் தரவு தனித்து நிற்பதன்று. அதனைப் படிக்கும் முறை பற்றிய உடன்பாடு ஒன்று அதனுடன் சேர்ந்தே இருக்கிறது. அவ்வுடன்பாடு எந்தக் கோப்பிலும் எழுதப்படாமல் இருக்கலாம்.

3. எழுத்தின் உடன்பாடு

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வகுப்பது குறியேற்றம். ஆங்கிலத்திற்கு இது முன்னரே ஒழுங்குபடுத்தப்பட்டது. தமிழுக்கோ, 1980களிலும் 1990களிலும் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலை வகுத்துக்கொண்டனர்.

‘அம்மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாமினி எழுத்துருவில் இச்சொல் 109, 107, 59, 107, 104 என்னும் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படும். அவை உண்மையில் ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியவற்றுக்குரிய எண்கள். பாமினி எழுத்துரு இருக்கும் வரை திரையில் ‘அம்மா’ தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் இதே சொல் 2949, 2990, 3021, 2990, 3006 என அமையும். அவ்வெண்கள் தமிழுக்கே உரியவை. வேறெந்த மொழியெழுத்தையும் குறிப்பதில்லை.

இந்நிலைக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இந்நாட்டில் தமிழைக் கணினிக்குக் கொணர்ந்த முன்னோடி மென்பொருள். இணையவழி உரையாடிய தமிழறிஞரும் பொறியாளரும் கூடித் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டே தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது மேசைக் கணினிகளில் பரவலாயிற்று. 2000இல் உத்தமம் அமைப்புத் தோன்றியதும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் இப்பொதுமை தேடிய முயற்சிகளின் பகுதியே. ஆகவே 1995இல் எழுதிய கோப்பைத் திறப்பவர், அது எந்தப் பட்டியலைப் பின்பற்றியது என்று முதலில் கண்டறிதல் வேண்டும்.

பட்டியல் தெரிந்த பின்னும் மொழியறிவு தேவைப்படும் இடங்கள் உள. பழைய குறியேற்றங்கள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக நிற்கும். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும்; ஒகரக் குறி அதனைத் தொடரும். இவ்வரிசை மாற்றத்தை மாற்றி என்னும் கருவி தானே செய்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஒரே எண்ணைப் பெற்றன. ஆதலால் ‘கௌரி’ என்னும் பெயர், ககரத்தின் எகர உயிர்மெய்யும் தனி ளகரமும் ரிகரமும் சேர்ந்த ‘கெளரி’யாக மாறக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு சொற்கள். பின்னர் ஒருவர் கௌரி என்று தட்டித் தேடினால், பதிவேட்டில் அப்படி ஒருவர் இல்லை என்றே விடை வரும்.

அகரவரிசையும் கவனத்திற்குரியது. ஒருங்குறியின் எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் லகரத்திற்கு முன் வருகிறது. நெடுங்கணக்கு முறைப்படி பெயர்களை அடுக்க, தமிழுக்குரிய வரிசை விதியைப் பின்பற்றும் மென்பொருளைத் தெரிவு செய்தல் வேண்டும்.

4. எண்ணின் உடன்பாடு

எண்களிலும் இத்தகைய மறைவான உடன்பாடுகள் உண்டு. பழைய அடையாள அட்டை எண்ணுக்கு வகுத்த கட்டத்தில் 12 இலக்கப் புதிய எண் அடங்காது. எனவே சில அலுவலகங்கள் புதிய எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்திருக்கக்கூடும். ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதிய கோப்பில் 25 என்பது 1925ஆகவும் இருக்கலாம், 2025ஆகவும் இருக்கலாம்.

அக்காலத்தில் பெரிதும் வழங்கிய டிபேஸ் மென்பொருளை நோக்குக. நெடிய குறிப்புகள் அதில் தனிக் கோப்பொன்றில் சேமிக்கப்படும். முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுத்தால் அவை விடுபட்டுப்போகும். நீக்கிய பதிவும் உடனே அழிவதில்லை. நீக்கியதற்கான குறியை மட்டும் பெற்று அங்கேயே கிடக்கும். இதனை அறியாது மாற்றினால், கணக்கு முடித்து விலகியவர் மீண்டும் உறுப்பினராகத் தோன்றக்கூடும்.

5. செய்யும் முறை

முதலாவதாக, பழைய கணினியில் எதனையும் திருத்தாமல் வன்தட்டு முழுவதற்கும் ஒரு படி எடுத்து, அதனை இரு வேறிடங்களில் காத்தல் வேண்டும். இனி வரும் ஆய்வெல்லாம் அப்படியின் மீதே நிகழ்தல் நன்று.

இரண்டாவதாக, பயன்பட்ட எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்து, அவற்றின் பெயர்களைத் தாளில் குறித்தல் வேண்டும். தமிழ் தெளிவாகத் தோன்றும் சில பக்கங்களை அப்பழைய கணினியிலேயே அச்சிட்டு வைப்பது பெருந்துணை. மாற்றிய பின் ஒப்புநோக்க அதுவே மூலச்சுவடி.

மூன்றாவதாக, அம்மென்பொருளைப் பயன்படுத்திய எழுத்தரை அருகமர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் எதனை எழுதினார், எந்தச் சுருக்கக் குறிக்கு என்ன பொருள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, மாற்றிய தரவைச் சரிபார்த்தல். பதிவுகளின் எண்ணிக்கையும் தொகைகளின் கூட்டலும் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். பெயர்களைக் கூட்டிப் பார்க்க இயலாது. மனிதர் படித்தே ஆக வேண்டும். ஓரிரு மாதம் பழையதும் புதியதும் இணையாக இயங்கிய பின்னரே பழையதை நிறுத்துதல் முறை. அதன் பின்னும் படியை அழித்தலாகாது. வருமான வரிச் சட்டம் வணிகப் பதிவுகளை ஏழாண்டு காக்கப் பணிக்கிறது. உறுப்பினர் பதிவேடுகளுக்கோ அக்காலமும் போதாது.

6. பதிவேட்டில் இருப்பவர்கள்

பேராக்கில் இதன் தேவை பெரிது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியில் மிச்சம்பிடித்துப் பங்கு சேர்த்தனர். எந்தக் கூட்டுறவுச் சங்கமாயினும் அதன் பதிவேட்டில் உள்ள ஒரு பெயர் ஒரு குடும்பத்தின் உரிமை. அப்பெயர் சிதைந்தால் வாரிசுக்கு வழக்கு. பெரட்டில் பெயர் கூப்பிட்டுத் தோட்டக் கிராணி எழுதிய ஏடுகளில் ஒருவரே மூன்று எழுத்துக்கூட்டலில் நிற்பார். அம்மூவரும் ஒருவரே என்று அறிந்தவர்கள் முதுமை எய்தி வருகின்றனர். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்ட இந்நாளில், அங்கு வாழ்ந்தோர்க்குச் சான்றாக எஞ்சியவை இத்தகைய பதிவேடுகளே.

ஆகவே ஆசிரியர்கள் இதனை ஒரு மாணவர் செயற்றிட்டமாகக் கொள்ளலாம். பள்ளியின் பழைய மாணவர் பட்டியல், ஆண்டு மலர், உள்ளூர்ச் சங்கத்தின் அறிக்கை என ஏதேனும் ஒரு பழைய கோப்பை உரியவர் இசைவுடன் பெற்று, அதன் எழுத்துருவைக் கண்டறிந்து, ஒருங்குறிக்கு மாற்றி, பெயர்களை மூத்தோரிடம் படித்துக்காட்டிச் சரிபார்க்கச் செய்யலாம். மாற்றும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கௌரிக்கும் கெளரிக்கும் வேறுபாடு காணும் தமிழறிவை மாணவர் வகுப்பறையிலேயே பெறுகின்றனர். பழைய கணினி இயங்கும் நாளிலேயே, அதனை இயக்கியவர் நம்மோடு இருக்கும்போதே, இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.