ஷார்ஜா போக 4 மணி நேரம். நம்ம ஊரைச் சுற்றியே 2½ மணி நேரம்!

புதுக்கோட்டை, 

புதுக்கோட்டைக்காரருக்கு ஷார்ஜா இப்போது பெரிய தூரம் இல்லை. பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து சுமார் 2,900 கிலோ மீட்டர். விமானத்தில் 4 மணி நேரம். ராத்திரி ரெயிலில் சென்னை போகிறவர் இதைவிட அதிக நேரம் உட்கார்ந்து போகிறார்!

ஆனால் 2024 அக்டோபர் 11–ந்தேதி கிளம்பிய ஷார்ஜா விமானம், 2½ மணி நேரம் பறந்தும் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தைத் தாண்டவில்லை.

அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் சுமார் 5.40 மணி. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 141 பயணிகளோடு திருச்சியில் இருந்து மேலே எழும்பியது. கொஞ்ச நேரத்திலேயே விமானிகளுக்குக் கோளாறு தெரிந்துவிட்டது. 'ஹைட்ராலிக்' பழுது.

அது என்ன ஹைட்ராலிக்? எண்ணெயை அழுத்தித் தள்ளி, அந்த விசையில் வேலை வாங்குவது. பொக்லைன் எந்திரம் கையைத் தூக்குகிறதே, அதே வித்தைதான். விமானத்தில் சக்கரத்தை மடக்க, நீட்ட, பிரேக் போட எல்லாவற்றுக்கும் இந்த விசை வேண்டும்.

உடனே இறக்க வேண்டியதுதானே?

அங்கேதான் சங்கதி. 4 மணி நேரப் பயணத்துக்கான எரிபொருள் டாங்கியில் அப்படியே கிடக்கிறது. அந்த எடையோடு மேலே ஏறலாம். அதே எடையோடு இறங்குவது ஆபத்து. சக்கரத்துக்கு அடி பலம். பிரேக் பிடித்து நிறுத்துவதும் கஷ்டம். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடலாம். இந்த போயிங் 737 ரகத்தில் அந்த வசதி கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

அதனால்தான் வட்டம். அன்னவாசல் பக்கம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் டி.வி.யை விட்டு நகரவில்லை. பிள்ளையையோ புருஷனையோ வளைகுடாவுக்கு அனுப்பிய குடும்பங்கள் இந்தப் பக்கம் கொஞ்சமா? விமான நிலையத்தில் ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டி நின்றன.

நேராகப் போயிருந்தால் அந்த 2½ மணி நேரத்தில் பாதி வழி தாண்டியிருக்கும். கீழே அரபிக் கடல்தான். கோளாறு அங்கே போய்த் தெரிந்திருந்தால்...?

இரவு சுமார் 8.15 மணி. சக்கரம் ஒழுங்காக நீண்டது. விமானம் அலுங்காமல் திருச்சியில் இறங்கியது. ஒருவருக்கும் காயம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஷார்ஜா நேரம் நமக்கு 1½ மணி பின்னால். 5.40–க்குக் கிளம்பி 4 மணி நேரம் பறந்தால் நம் ஊர்க் கணக்கில் 9.40, அங்கே 8.10. ஷார்ஜாவில் இறங்கி அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தாலும் ஏறத்தாழ இதே மணிதான் காட்டியிருக்கும்!

பயணிகளுக்கு வேறு விமானம் ஏற்பாடு செய்யப்பட்டது. மறுபடியும் அதே 2,900 கிலோ மீட்டர், முதலில் இருந்து.