தீக்கும் மனிதருக்கும் தனித்தனிக் காற்று

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வீட்டு வண்டியான கேரவனைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைத்துத் தங்கும் குடும்பங்கள் பல. வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிய இரவிலும் அந்த மெல்லிய சுவர்களுக்குள் அவர்களால் உறங்க முடிவதற்கு, அலமாரிக்கு அடியில் பொருத்தப்பட்ட எரிவாயு ஹீட்டரே காரணம். ஒரு சிறிய அறைக்குள் மனிதர் உறங்கும்போது இரவெல்லாம் தீ எரிவது ஆபத்தானது. அந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்கு இக்கருவி முதன்மையாக நம்பியிருப்பது, தீ எடுக்கும் காற்றும் மனிதர் சுவாசிக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதையே.

இந்தப் பிரிவினை ஏன் தேவை என்பதை ஒரு கணக்கு விளக்கிவிடும். ஹீட்டருக்கு எரிபொருளாகும் புரொப்பேன் வாயு ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். 5 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட கேரவனுக்குள் அடங்கும் மொத்தக் காற்றோ 22 கன மீட்டர்தான். முழு வேகத்தில் எரியும் ஹீட்டர் ஒரு கிலோ வாயுவை நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடக்கூடியது என்பதால், அது அறைக் காற்றையே எடுத்து எரிந்தால் விடிவதற்கு முன்பே ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்துவிடும். ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கரியமில வாயுவுக்குப் பதிலாக நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உருவாகத் தொடங்கும். போதாததற்கு, ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோ நீராவியும் பிறக்கிறது. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்பவர்களின் கேரவனில் சுவர்கள் ஈரம் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முறையாக அமைக்கப்பட்ட கேரவன் ஹீட்டரில் எரிகலன் அறையிலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டிருக்கும். எரிவதற்கான காற்று வண்டியின் அடித்தளத்தின் வழியாகவோ பக்கச் சுவரின் வழியாகவோ வெளியிலிருந்து வரும். புகை தனிக் குழாய் வழியே கூரைக்கோ சுவருக்கோ சென்று வெளியேறும். இடையிலுள்ள உலோகச் சுவரான வெப்பமாற்றி வெப்பத்தை மட்டும் அறைக்குள் கடத்தும். தீ அணைந்துபோனால் வாயு தொடர்ந்து கசியாமல் தடுக்கும் பொறுப்பு, எளிய வகை ஹீட்டர்களில் வெப்பமின் இரட்டை என்னும் சிறு கம்பியிடம் இருக்கிறது. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்சாரம் எழும் என்னும், 1821இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவே இங்கு பயன்படுகிறது. சுடர் அந்தக் கம்பியைச் சூடாக்கும் வரை எழும் நுண்ணிய மின்சாரம் ஒரு காந்த வால்வைத் திறந்துவைக்கும், சுடர் போனால் மின்சாரம் நின்று வால்வு மூடிக்கொள்ளும். பற்றவைக்கும்போது குமிழைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்தக் கம்பி சூடேறுவதற்காகத்தான். முதல் முயற்சியில் பற்றவில்லை என்றால், தேங்கிய வாயு வெளியேறச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே மீண்டும் முயல வேண்டும். பொறுமையிழந்து உடனே பொறியிட்டால் எரிகலனுக்குள் சிறு வெடிப்பே நேரலாம்.

இந்த அமைப்பு குலைவது பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரணங்களால். இரவில் பெய்த பனி கூரைப் புகைபோக்கியை மூடிவிடுகிறது, அல்லது வண்டியைச் சுற்றிக் குவிந்து அடித்தளக் காற்று வாயிலை அடைத்துவிடுகிறது. பக்கச் சுவரில் புகை வெளியேறும் வண்டிகளில், வாசலோடு இணைத்துக் கட்டிய கூடாரத்துக்குள்ளேயே புகை தேங்குகிறது. கோடை முழுவதும் பயன்படாமல் நின்ற வண்டியின் எரிமுனைக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தால், காற்றும் வாயுவும் சரியாகக் கலக்காமல் நீலச் சுடர் மஞ்சளாக மாறிப் புகைக்கரி படியத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கான ஈரத்தில் வெப்பமாற்றி அரித்து ஓட்டை விழுந்தாலோ, புகைக்குழாயின் இணைப்பு தளர்ந்தாலோ, இரு காற்றுகளுக்கும் இடையிலிருந்த சுவரே இல்லாமல் போகிறது. ஹீட்டரின் முன்மூடியைச் சுற்றிக் கரி படிந்திருப்பதைக் காண்பவர், அதைத் துடைத்துவிட்டுப் பயன்பாட்டைத் தொடராமல், வாயுவை மூடித் தொழில்நுட்பரை அழைப்பதுதான் சரி.

வாயுவின் இயல்பையும் அறிந்திருப்பது நல்லது. சிலிண்டர்களில் வரும் இரு வாயுக்களில் பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே ஸ்பெயின் போன்ற வெப்ப நாட்டில் வாங்கிய பியூட்டேன் சிலிண்டருடன் ஆல்ப்ஸ் ஏறுபவரின் ஹீட்டர் பனிக்காலத்தில் பற்றாது. இரண்டு வாயுக்களும் காற்றைவிடக் கனமானவை என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் துளைகள் விட்டிருப்பது இதற்காகவே. குளிர்காற்று வருகிறது என்று அத்துளைகளையோ அறையின் காற்றுத் திறப்புகளையோ துணியால் அடைப்பது பரவலான, மிகத் தவறான பழக்கம். நம் சமையல் எரிவாயுவைப் போலவே இதிலும் மெர்காப்டன் என்னும் நெடியூட்டி கலக்கப்படுகிறது. நெடி வந்தால் சிலிண்டரை மூடிக் கதவு, ஜன்னல்களைத் திறந்து, எந்த மின்பொத்தானையும் தொடாமல் வெளியேற வேண்டும். கசியும் இடத்தைச் சோப்பு நீர் தடவித்தான் தேட வேண்டும், தீக்குச்சியால் அல்ல. எரிபொருள் நிலையத்துக்குள் நுழையும் முன் ஹீட்டரை அணைக்காவிட்டால், அங்கு பரவும் பெட்ரோல் ஆவி காற்று வாயில் வழியாகச் சுடரை எட்டிவிடலாம்.

கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையுடன் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதில் பாதியைச் சாதாரணக் காற்றைச் சுவாசித்து வெளியேற்றவே உடலுக்கு நான்கைந்து மணி நேரமாகும். இந்த நச்சுப் பாதிப்பு தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று சளிக்காய்ச்சல் போலத் தொடங்குவதால் ஏமாற்றும். வண்டியிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்து, வெளியே வந்ததும் குறைந்தால், நஞ்சு அறையில்தான் இருக்கிறது. உறங்குபவருக்கு இந்த எச்சரிக்கையும் கிட்டாது. ஐரோப்பாவின் இஎன் 50291 தரநிலைப்படி செய்யப்பட்ட அலாரம், பத்து லட்சத்தில் 300 பங்கு செறிவை எட்டினால் மூன்று நிமிடங்களுக்குள் ஒலித்துவிடும். அத்தரநிலையின் இரண்டாம் பகுதி கேரவன் போன்ற வண்டிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. இந்த அலாரத்தைப் படுக்கையில் சுவாசிக்கும் உயரத்தை ஒட்டியும், எரிவாயுக் கசிவைக் காட்டும் வேறு வகைக் கருவியைத் தரைக்கு அருகிலும் பொருத்த வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஜெர்மனியில் கேரவனின் எரிவாயு அமைப்பை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிபெற்றவரிடம் சோதிப்பது 2025 ஜூன் முதல் சட்டப்படி கட்டாயமாகியிருக்கிறது. ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் பத்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது அங்கு நெடுங்கால வழக்கம், அவற்றின் மேலேயே தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். குளிர்காலப் பயணத்துக்கு வாடகைக் கேரவன் எடுக்கும் எவரும், சாவியைப் பெறும் முன்பு சோதனைச் சான்றையும் குழாயிலுள்ள ஆண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அலாரம் இல்லாத வண்டியாக இருந்தால், ஒன்றை வாங்கி மாட்டாமல் அதில் ஓர் இரவுகூடப் படுக்கக் கூடாது.