எளிய அணியின் மீது பந்தயம்

வலியவனும் எளியவனும் மோதும்போது நம் மனம் எளியவன் பக்கமே சாய்கிறது. முயலை ஆமை வென்ற கதையைக் கேட்டுக் கை கொட்டாத குழந்தை உண்டோ? விளையாட்டுத் திடலிலும் அப்படித்தான். பெயர் பெற்ற அணியைப் பெயர் தெரியாத அணி வென்றுவிட வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். இந்த நல்ல ஆசையையே முதலாக வைத்து நடக்கும் வியாபாரம் ஒன்று உலகில் உண்டு. அதுவே பந்தயம். எளிய அணியின் மீது பணம் கட்டுவதால் என்ன நேரும் என்பதை, இளைஞர் கால்பந்தாட்டத்தில் உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

1981ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆஸ்திரேலியாவில் உலக இளைஞர் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான இப்போட்டியில் 16 நாடுகள் கலந்துகொண்டன. அவற்றுள் ஒன்று கத்தார். 1971ஆம் ஆண்டில்தான் சுதந்திரம் பெற்ற அச்சிறு நாட்டின் மக்கள் தொகை அப்பொழுது மூன்று லட்சத்திற்கும் குறைவு. கால் இறுதி ஆட்டத்தில் அதனை எதிர்த்து நின்றது பிரேசில்! 1958, 1962, 1970 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்ற நாடு அது. முடிவு என்ன? கத்தார் 3, பிரேசில் 2. மூன்று கோல்களையும் அடித்தவர் காலித் சல்மான் என்ற ஒரே வீரர். அடுத்து அரை இறுதியில் இங்கிலாந்தையும் 2-1 என்ற கணக்கில் கத்தார் வென்றது.

"ஆகா! அன்று கத்தார் மீது பணம் கட்டியிருந்தால்?" என்று சிலருக்குத் தோன்றலாம். பந்தயத்தின் கணக்கைப் புரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பந்தயப் பணம் வாங்குபவரைப் 'புக்கி' என்பார்கள். ஆட்டத்தின் ஒவ்வொரு முடிவுக்கும் அவர் ஒரு விலை வைக்கிறார். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வலிய அணி வென்றால் கட்டிய பணத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு. சமமாக முடிந்தால் 5 மடங்கு. எளிய அணி வென்றால் 10 மடங்கு. இப்பொழுது ஒருவர் வலிய அணி மீது 80 ரூபாயும், சமநிலை மீது 20 ரூபாயும், எளிய அணி மீது 10 ரூபாயும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் எப்படி முடிந்தாலும் அவருக்குக் கிடைப்பது 100 ரூபாய். ஆனால் அவர் கொடுத்ததோ 110 ரூபாய்! அந்தப் பத்து ரூபாய் எங்கே போயிற்று? புக்கியின் பெட்டிக்குள் போயிற்று. எந்த அணி வென்றாலும் தோற்றாலும் தமக்கு ஒரு பங்கு மிஞ்சும்படியே அவர் விலை வைக்கிறார்.

பத்து மடங்கு என்றவுடன், பத்து ஆட்டங்களில் ஒன்றிலாவது எளிய அணி வெல்லும் என்று எண்ணிவிடுகிறோம். அந்த விலையிலேயே புக்கியின் பங்கும் கலந்திருப்பதால், உண்மையான வாய்ப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். 1949ஆம் ஆண்டில் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்தார். வெல்லும் வாய்ப்பு குறைந்த குதிரைகளின் மீது மக்கள் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சிறு தொகையில் பெரும் கனவை வாங்கலாம் என்ற ஆசையே இதற்கு ஒரு காரணம். நடந்த அதிசயம் நம் நினைவில் நிற்கிறது. நடக்காமற் போன ஆயிரம் அதிசயங்கள் மறந்துபோகின்றன.

கால்பந்தாட்டத்தில் கோல்கள் குறைவு. ஒரே ஒரு கோல் ஆட்டத்தின் போக்கை மாற்றிவிடும். ஆகவே எளிய அணி வெல்வது நடக்கக் கூடியதே. மேலும், இளைஞர்கள் வளரும் பருவத்தினர். சென்ற ஆண்டு தடுமாறியவர் இந்த ஆண்டு புலியாகப் பாயலாம். நடக்கக் கூடியது என்பதற்காக, அது எப்பொழுது நடக்கும் என்று நமக்குத் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா?

மீண்டும் ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். ஒருவர் கத்தார் மீது 10 ரூபாய் கட்டிப் பத்து மடங்காக 100 ரூபாய் பெற்றார் என்று கொள்வோம். அதனை அப்படியே அரை இறுதியில் கட்டி 1,000 ரூபாய் பெற்றார். இப்பொழுது அவர் நிறுத்துவாரா? இரண்டு முறை வென்றவர் மூன்றாம் முறையும் கட்டவே துடிப்பார். சிட்னி நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி 4-0 என்று கத்தாரை வென்றது. ஆயிரமும் போயிற்று, முதலில் போட்ட பத்தும் போயிற்று. தோல்வி மட்டுமன்று, வெற்றியும் சூதாடுபவனைக் கெடுக்கும் என்பதனால்தானோ திருவள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார்!

ஆனால், தோழியரே, அதே நாளில் அந்தக் கத்தார் இளைஞர்களும் தோற்றார்கள் அல்லவா? அவர்கள் வெறுங்கையுடன் திரும்பவில்லை. உலகில் இரண்டாம் இடம் அவர்களுடையதாயிற்று. எவரிஸ்டோ என்ற பிரேசில் நாட்டுப் பயிற்சியாளரிடம் கற்ற ஆட்டம் அவர்களுடைய கால்களிலேயே இருந்தது. உழைத்தவனுக்குத் தோல்வியிலும் மிச்சம் உண்டு. பந்தயம் கட்டியவனுக்கு அது இல்லை.

இன்னும் ஒன்றையும் நாம் எண்ண வேண்டும். திடலில் ஓடுபவர்கள் நம் அண்ணன்மார் வயதினர். பணம் இழந்தவரின் கோபம் அவர்கள் மீது பாயும். பெரும் பணம் புரளும் இடத்தில், வேண்டுமென்றே தோற்கச் சொல்லி ஆசை காட்டுபவர்களும் வருவார்கள். இதனால்தான் வீரர்களோ, பயிற்சியாளர்களோ, நடுவர்களோ கால்பந்தாட்டத்தில் பந்தயம் கட்டக் கூடாது என்று உலகக் கால்பந்துக் கழகமாகிய 'ஃபிஃபா' விதி செய்துள்ளது.

எளிய அணியை நேசிப்போம். அது கோல் அடிக்கும்போது துள்ளிக் குதிப்போம். தோற்கும்போதும் எழுந்து நின்று கை தட்டுவோம். அந்த நேசத்திற்கு விலை வைக்க எவரையும் அனுமதியாதிருப்போம்.