ஃப்ரூட்டா: செம்பாறைகளுக்கு நடுவே பழத்தோட்டம்

ஆண்டுக்குச் சுமார் 20 செ.மீ. மழைதான். ஆனாலும் இங்கே ஆப்பிள், பீச், பேரி, செர்ரி, ஆப்ரிகாட் எல்லாம் காய்க்கின்றன. காரணம், உங்கள் காலடியில் ஓடும் வாய்க்கால். ஃப்ரீமாண்ட் ஆறும் சல்ஃபர் ஓடையும் கூடும் இந்த இடத்துக்கு 1880 வாக்கில் வந்த மோர்மன் என்ற மதப்பிரிவுக் குடும்பங்கள் ஆற்றுநீரை மேட்டிலிருந்து திருப்பிப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சின.

ஊர் என்றாலும் ஒரே சமயத்தில் சுமார் பத்துக் குடும்பங்களுக்கு மேல் இருந்ததில்லை. முதல் பெயர் ஜங்ஷன். பழங்களுக்குப் பேர்போன பிறகே ஃப்ரூட்டா ஆனது. கையில் காசு புழங்குவது அபூர்வம். பழத்தைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள். வெளியூர்ப் பயணம் கேபிடல் கார்ஜ் என்ற குறுகலான பள்ளத்தாக்கு வழியே. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பாறைகளைப் புரட்டித் தள்ளினால்தான் வண்டி போகும்.

அருகிலுள்ள ஓர் அறை மரப் பள்ளிக்கூடம் 1896-இல் கட்டப்பட்டது. ஞாயிறன்று அதுவே வழிபாட்டு இடம். வேறு நாட்களில் ஊர்க்கூட்டமும் நடனமும்கூட. 1941-இல் மாணவர் குறைந்து மூடப்பட்டது.

இன்று தேசியப் பூங்காவாக உள்ள இப்பகுதி 1937-இல் தேசிய நினைவிடமானது. பின்னர் நிலங்களைப் பூங்கா நிர்வாகம் வாங்கியது. கடைசிக் குடும்பம் 1969-இல் வெளியேறியது. மரங்களை இன்று பராமரிப்பது பூங்கா ஊழியர்களே.

பறிக்கலாம் என்று பலகை வைத்த தோட்டங்களில் மட்டும் பழம் பறியுங்கள். அங்கேயே உண்பது இலவசம். எடுத்துச் செல்வதற்குக் கட்டணம் உண்டு.