புத்தகமும் கிட்டப்பார்வையும்

வத்திராயிருப்புத் திண்ணையொன்றில் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்கும் பேரனை, "கண் கெட்டுப்போகும்" என்று பாட்டி கண்டிப்பது மூடநம்பிக்கையன்று; ஆயினும் அது பாதி உண்மையே. கண்விழி அளவுக்கு மீறி நீண்டு, தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுவதே பெரும்பாலும் கிட்டப்பார்வைக்குக் காரணம். இடைவிடாமல் அருகில் வைத்துப் படிப்பது அந்த நீட்சியைத் தூண்டக்கூடுமென்பது விஞ்ஞானிகளின் அனுமானம். ஆனால் 2008-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், சிட்னியிலிருந்த சீன வம்சக் குழந்தைகள் சிங்கப்பூர்க் குழந்தைகளைவிட அதிகம் படித்தும், அவர்களுள் கிட்டப்பார்வை 3.3 சதவிகிதமே; சிங்கப்பூரிலோ 29.1! சிட்னிப் பிள்ளைகள் வெளியில் கழித்த நேரம் மிக அதிகம். பகல் வெளிச்சத்தால் விழித்திரையில் சுரக்கும் டோப்பமின் என்னும் வேதிப்பொருள் விழியின் நீட்சியைத் தடுக்கிறதென்று கருதுகிறார்கள். கொளுத்தும் வெயில் அவசியமில்லை, தென்னந்தோப்பு நிழலின் பிரகாசமே வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு. ஏற்கெனவே நீண்டுவிட்ட விழியை அது குறுக்காது, அதற்குக் கண்ணாடிதான்.