பச்சைச் சாணியும் 18 மாங்கன்றுகளும்

வங்கியில் 34 வருடம் பேரேடு பார்த்தவன் நான். கரையானை எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான். ஒரு கிராமக் கிளையில் பழைய லெட்ஜர்களை அடுக்கி வைத்த அறையைத் திறந்தால், அட்டை மட்டும் அப்படியே நிற்கும், உள்ளே வெறும் மண். அதனால் ஓய்வு பெற்று உத்திரமேரூர் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கியபோது, தென்மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற புற்றைப் பார்த்ததும் மனசு நல்லபடியாக நினைக்கவில்லை.

பங்குனியில் 60 ஒட்டு மாங்கன்று நட்டேன். இயற்கை விவசாயம்தானே என்று குழிக்கு ஒரு கூடை பச்சைச் சாணி போட்டேன். நிலத்தைச் சுத்தமாகக் கொத்தி, சருகையெல்லாம் அள்ளி எரித்தேன். வாரம் ஒரு தண்ணீர். சித்திரை முடிவதற்குள் 18 கன்று போய்விட்டது. அடித்தண்டில் மண் பூச்சு. தட்டினால் உள்ளே பட்டையைச் சுற்றி அறுத்து வைத்திருக்கிறது.

கடைக்காரர் குளோர்பைரிபாஸ் கொடுத்தார். புற்றின் தலையில் ஓட்டை போட்டு ஊற்றிவிடுங்கள் என்றார். டப்பா வாங்கி வந்துவிட்டேன், பொய் சொல்வானேன். வங்கியில் இருந்தபோது பயிர்க்கடனில் பூச்சிமருந்துக்கு என்று ஒரு பங்கு போட்டுக் கையெழுத்து வைத்தவன்தானே. தடை வருவதற்கு முன்னால் கரையானுக்கு என்று மூட்டை மூட்டையாக பி.எச்.சி. பவுடர் மண்ணில் போன காலம் அது.

நிறுத்தியவர் வேலிக்கு முள் வெட்ட வந்த இருளர் பெரியவர். “வுட்டுடு சார். ஈசல் வர்ற புத்து. எங்க அப்பாரு காலத்துலேர்ந்து புடிக்கறோம்” என்றார். முதல் மழைக்குப் பிறகு புற்று வாய்க்குப் பக்கத்தில் குழி வெட்டி, விளக்கு வைத்து, விழுகிற ஈசலை வாரிக்கொண்டு போவார்கள். இறகை முறத்தில் புடைத்துவிட்டு, பொரியரிசியோடு வறுத்தால் குழந்தைகளுக்கு அதுதான் பண்டம். ஒரு குடும்பத்தின் பண்டத்தில் மருந்து ஊற்ற எனக்குக் கை வரவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கரையானைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

முதல் ஆச்சரியம், வெள்ளை எறும்பு என்று சொல்வதே தப்பு. எறும்பு குளவிக்குச் சொந்தம். கரையான் கரப்பானுக்குச் சொந்தம். மரத்தைத் தின்னும் கரப்பான் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தது என்பது இப்போது மரபணு ஆய்வில் உறுதி. 13 கோடி வருடத்துக்கு முந்தைய புதைபடிவம் கிடைத்திருக்கிறது. தேனீயிலும் எறும்பிலும் வேலைக்காரர்கள் எல்லாம் பெண். ராஜா என்று யாரும் நிலைப்பதில்லை. கரையானில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன. ராஜா ஆயுசு முழுக்க ராணி பக்கத்திலேயே இருக்கிறது. உலகத்தில் சுமார் 3,000 வகை, பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில்தான். அவற்றில் வீட்டையும் பயிரையும் தொடுகிறவை கொஞ்சம்தான். மற்றவை சருகையும் மக்கிய மரத்தையும் மண்ணையும் தின்று தங்கள் பாட்டுக்கு இருக்கின்றன.

நம் பக்கம் புற்று கட்டுவது ஒடன்டோடெர்மஸ் என்ற இனம். இது விவசாயி! மரத்தூளையும் சருகையும் தின்று, பாதி செரித்ததைப் புற்றுக்குள் அடைபோல் கட்டி, அதில் பூஞ்சணம் வளர்க்கிறது. பூஞ்சணம் மரத்தின் கடினப் பகுதியை உடைத்துக் கொடுக்க, அதைக் கரையான் தின்கிறது. ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி வருடத்துக்கு முன் தொடங்கி ஆசியாவுக்கு வந்த வெள்ளாமை இது. நாம் ஏர் பிடித்தது வெறும் பத்தாயிரம் சொச்சம் வருடம்.

இதை ஐரோப்பியருக்கு முதலில் எழுதிக் காட்டியதும் நம் மண்ணில் இருந்தவர்தான். 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், பிறகு ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக இருந்தார். 1779இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தமிழ்நாட்டுப் புற்றின் உள்ளிருக்கும் பூஞ்சணத் தோட்டம் விவரமாக வருகிறது.

அந்தப் பூஞ்சணம்தான் மழைக்காலத்தில் புற்றுக்காளானாக மேலே வருகிறது. ஈசல் பறந்து, இறகு உதிர்த்து, ஜோடியாக மண்ணுக்குள் போகும்போது பெரும்பாலும் விதைப் பூஞ்சணம் எடுத்துப் போவதில்லை. அதன் முதல் குஞ்சுகள் வேலைக்கு வெளியே வரும் சமயத்தில் பழைய புற்றுகளில் காளான் விரிந்திருக்கும். வித்தை அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. காளானை ஒன்று விடாமல் பிடுங்கக் கூடாது என்று பெரியவர் சொன்னதற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் பிடிபட்டது.

புற்றின் வடிவமும் சும்மா இல்லை. பெங்களூரில் இதே இனப் புற்றை ஆராய்ந்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். பகலில் வெளிச்சுவரின் மடிப்புகள் சூடேற, காற்று அங்கே மேலேறி நடுவில் இறங்குகிறது. ராத்திரியில் திசை மாறுகிறது. அப்படித்தான் உள்ளே சேரும் கெட்ட காற்று வெளியேறுகிறது.

சரி, என் கன்றுகள்? அதற்குப் பதில் பர்கினா ஃபாசோவில் இருந்தது. யாகூபா சவாடோகோ என்ற விவசாயி, இறுகிப்போன நிலத்தில் கோடையிலேயே குழி வெட்டி, சாணம் போட்டு, கரையானை வரவழைத்தார். அது துளைத்த வழியில் மழைநீர் இறங்கி, பொட்டல் காடானது. 2018இல் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹூட்’ விருது கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் வறண்ட நிலத்தில் எறும்பும் கரையானும் இருந்த வயலில் கோதுமை விளைச்சல் 36 சதவீதம் கூடியதாக 2011இல் ஆய்வு வந்தது.

அவர் கரையானை அழைக்கச் செய்ததை நான் மாங்கன்றின் காலடியில் செய்திருக்கிறேன். மக்காத சாணி விருந்து. சுற்றிலும் ஒரு சருகு மிச்சமில்லை. கன்றோ தண்ணீர் போதாமல் வாடி நிற்கிறது. வந்தது எதைத் தின்னும்?

அடுத்த ஆடியில் 18 குழியிலும் மறுபடி நட்டேன். நன்றாக மக்கிய எரு, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு, தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி மூடாக்கு. நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகச் சொன்னதுதான், நான் காதில் வாங்கவில்லை. கரையான் இன்றும் இருக்கிறது. மூடாக்கைத் தூக்கினால் ஓடுகிறது. இரண்டு கன்று போனது. மற்றவை நிற்கின்றன. செத்த கிளையை மட்டும் விடாமல் கழிக்க வேண்டும், அதன் வழியாகத்தான் உயிருள்ள மரத்துக்குள் நுழைகிறது.

காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிக்கிறார். அவருடைய குழித்தறியில் கரையான் தறிக்காலையும் ஜக்கார்டு அட்டையையும் அரித்திருக்கிறது. பட்டு புரதம், அதற்கு வேண்டியது செல்லுலோஸ் என்றேன். “உங்க விஞ்ஞானத்தை என் அட்டைகிட்ட சொல்லுங்க” என்றார். அவர் கோபம் நியாயம்தான். வீட்டுக்குள் வந்தால் நானும் விடமாட்டேன்.

புற்றைச் சுற்றிப் பத்தடி விட்டு உழச் சொல்லியிருக்கிறேன். டிராக்டர் ஓட்டும் தம்பிக்கு ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பு, திருப்புவதற்கு இடம் போதவில்லையாம். போன புரட்டாசியில் அங்கே முளைத்த காளானில் பாதியைப் பறித்து அவன் வீட்டுக்கும் ஒரு கூறு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான், முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.