மூன்று வளாகங்கள், மூன்று விதமான ‘நாங்கள்’

(கல்லூரி வாசல் – தொடர் 11)

சென்ற வாரம் கலிஃபோர்னியாவின் 209-ஆம் முன்மொழிவைப் பார்த்தோம். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1996-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் அது. யாரை உள்ளே விடுவது என்ற சண்டை அதோடு ஓயவில்லை. ஆனால் உள்ளே போன பிள்ளைகள் அங்கே எப்படி இருந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

பேசியவர்களில் ஒருவர், டெய்சி வெர்டூஸ்கோ ரேயஸ் என்ற சமூகவியலாளர். ‘லேர்னிங் டு பி லத்தீனோ’ என்ற அவருடைய நூலை 2018-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. லத்தீனோவாக இருக்கக் கற்றுக்கொள்வது என்ற தலைப்பே வம்புக்கு இழுக்கிறது. மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார் என்று வேர் கொண்ட பிள்ளைகள் வீட்டிலிருந்தே அப்படித்தானே வருகிறார்கள், கல்லூரியில் கற்க என்ன இருக்கிறது? (‘லத்தீனெக்ஸ்’ என்பது பல்கலைக்கழகங்கள் விரும்பும் புதுப்பெயர். தங்களை அப்படி அழைத்துக்கொள்வோர் 3 சதவீதம்தான் என்றது பியூ ஆய்வு மையத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை. நான் பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.)

ரேயஸ் மூன்று இடங்களைத் தேர்ந்தார். ஒன்று சிறிய தனியார் கலைக் கல்லூரி. இன்னொன்று பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம். மூன்றாவது, வட்டாரத்துப் பிள்ளைகள் வந்து போகும் அரசுப் பல்கலைக்கழகம். பெயர்களை வெளியிடவில்லை. அங்கிருந்த ஆறு லத்தீனோ மாணவர் அமைப்புகளோடு கூடவே இருந்து, கூட்டங்களில் உட்கார்ந்து, யார் யாரோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தார். வளாகம் எவ்வளவு பெரியது, மாணவர்கள் விடுதியில் தங்குகிறார்களா, நிர்வாகிகளை நேரில் பார்த்துப் பேச முடிகிறதா, பண்பாட்டு மையத்துக்கு என்ன இடம் என்பவையெல்லாம் அவர் கணக்கில் வந்தன.

சிறிய கல்லூரியில் எந்த நாட்டு வேராக இருந்தாலும் எல்லோரும் ‘நாங்கள் லத்தீனோக்கள்’ என்று ஒன்றாக நின்றார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் நிபந்தனைகளோடு. மூன்றாவது இடத்தில் அந்தப் பொதுப்பெயரையே தள்ளிவைக்கும் போக்கு இருந்தது. எனக்கு இதில் பெரிய வியப்பில்லை. சிறிய கல்லூரியில் வெள்ளையர் நடுவே நாலு பேராக உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் யார் தன் ஆள் என்று தேட வேண்டிய அவசியம் வருகிறது. ஆனால் அதன் விளைவு பெரிது: அமெரிக்காவில் சமத்துவமின்மை எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன அரசியல் செய்ய வேண்டும் என்பதைக்கூட மூன்று வளாகத்தினரும் மூன்று விதமாகக் கற்றுக்கொண்டு போனார்கள்.

இதற்கு முந்தைய ஆய்வுகள் மாணவனைத்தான் அளந்தன. படிப்பை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று கேட்ட வின்சென்ட் டின்டோ, தற்கொலை பற்றிச் சமூகவியலாளர் எமில் தர்கைம் சொன்ன கோட்பாட்டைக் கொண்டுவந்து பொருத்தினார். கல்லூரிச் சமூகத்தோடு கலக்காதவன் விலகிப் போகிறான் என்பது அதன் சாரம். கலப்பதற்கு ஊரையும் உறவையும் கொஞ்சம் கைகழுவ வேண்டும் என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருந்தது. 1997-ல் சில்வியா ஹுர்டாடோவும் டெபோரா ஃபே கார்ட்டரும் லத்தீனோ மாணவர்களின் தரவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வகுப்புக்கு வெளியே சக மாணவரோடு பாடத்தைப் பேசுகிறவர்களுக்கும், தேவாலயக் குழுக்கள், சமூக அமைப்புகள் போன்றவற்றில் இருப்பவர்களுக்கும்தான் ‘இது நம்ம இடம்’ என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. கைகழுவச் சொன்ன உறவுதான் கைகொடுத்தது.

இடம் என்பது கேட்டு வாங்க வேண்டியதாகவும் இருந்திருக்கிறது. 1993 ஏப்ரலில் விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்கு முந்தின நாள், சிக்கானோ (மெக்சிக வேர் கொண்ட அமெரிக்கர்) படிப்புக்குத் தனித்துறை கிடையாது என்று லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அறிவித்தது. இதைவிடப் பொருத்தமில்லாத நாள் நிர்வாகத்துக்குக் கிடைத்திருக்காது. மாணவர்களும் மருத்துவப் புலத்துப் பேராசிரியர் ஒருவரும் வளாகத்தில் கூடாரம் போட்டு 14 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாவேஸ் பெயரில் ஒரு மையம் கிடைத்தது. அது முழுத் துறையானது 2005-ல்.

இப்போது பல கல்லூரிகள் தம்மை ‘ஹிஸ்பானியருக்குச் சேவை செய்யும் நிறுவனம்’ என்று சொல்லிக்கொள்கின்றன. (லத்தீனோக்களை அரசு ஆவணங்கள் பெரும்பாலும் ஹிஸ்பானியர் என்றே குறிக்கும்.) இளநிலை மாணவரில் 25 சதவீதம் ஹிஸ்பானியராக இருப்பது முக்கியத் தகுதி. இப்படிப்பட்டவை 600-க்கு மேல். தலையை எண்ணுவதும் சேவை செய்வதும் ஒன்றா என்று 2019-ல் வெளிவந்த தன் நூலில் கேட்டார் கல்வி ஆய்வாளர் ஜினா ஆன் கார்சியா. நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தத் தகுதியால் வந்த கூட்டாட்சி நிதியில்தான் தனிப்பயிற்சி மையங்களும் ஆலோசகர் பதவிகளும் நடந்தன. அங்கே படிக்கும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் அவற்றைப் பயன்படுத்தினார்கள்.

2025 ஜூனில் டென்னசி மாநிலமும், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து ஹார்வர்டு மீது போட்ட வழக்கில் 2023-ல் வென்ற அமைப்பும் சேர்ந்து இந்த 25 சதவீத விதி அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டன. விதியைக் காத்து வாதாட மாட்டோம் என்று நீதித்துறை அமைச்சகம் விலகிக்கொண்டது. செப்டம்பரில், சிறுபான்மையினர் படிக்கும் கல்லூரிகளுக்கான சுமார் 35 கோடி டாலரை நிறுத்துவதாகக் கல்வித்துறை அறிவித்தது. வழக்கின் வாதங்களை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம்.